தறிச் சத்தத்தில் தூங்குகிறான், குக்கர் விசிலுக்கு ஓடுகிறான்



இந்த மாதப் பாடத்தைக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கலாம். கொஞ்சம் நீளம்தான், இரண்டு கூட்டத்துக்குப் பிரித்துக்கொள்ளுங்கள். வழக்கமாக இந்தப் பக்கத்தில் ரத்தசோகை, கடன் பதிவேடு, மாட்டுக் காப்பீடு என்று எழுதுவோம். இந்த முறை சத்தம் தாங்க முடியாதவர்களைப் பற்றி எழுதுகிறேன். அதற்குக் காரணம் ஒரு குழுவில் நடந்த சம்பவம். அந்தச் சம்பவத்தில் என் தப்பும் இருக்கிறது, அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மூன்று வருடம் முன்பு, வங்கிக் கடனுக்காக ஒரு குழுவுக்குத் தர ஆய்வு செய்யப் போயிருந்தேன். விசைத்தறி ஓடுகிற தெரு. சேமிப்பு சரியாக இருந்தது, உள்கடன் வசூல் சரியாக இருந்தது. வருகைப் பதிவேட்டில் மட்டும் ஓர் அக்காவின் பெயருக்கு நேரே தொடர்ந்து ஆறு கூட்டம் "வரவில்லை". கூட்டத்துக்குப் பத்து ரூபாய் என்று அறுபது ரூபாய் அபராதம் எழுதியிருந்தார்கள். ஏன் வரவில்லை என்று கேட்டேன். "அவ பையன் ஒரு மாதிரிங்க. கூட்டத்துக்குக் கூட்டிட்டு வந்தா காதைப் பொத்திக்கிட்டுக் கத்துவான். விட்டுட்டு வந்தா வீட்டுல பாத்துக்க ஆளில்லை" என்றார் ஊக்குநர். பக்கத்தில் இருந்தவர் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது: "அதெல்லாம் நடிப்புங்க மேடம். நாளெல்லாம் தறி ஓடுது, அந்தச் சத்தத்துல நல்லாத் தூங்குறான். குக்கர் விசில் அடிச்சா மட்டும் தெருவுக்கு ஓடுறான். தறிச் சத்தத்துல தூங்குறவனுக்கு விசில் என்ன பண்ணும்?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எம்.எஸ்.டபிள்யூ படித்தவள், பத்து வருடமாகக் களத்தில் இருப்பவள், அந்த அக்கா வீட்டுக்குப் போய் "பையனுக்கு ரொம்பச் செல்லம் கொடுக்காதீங்கக்கா, கொஞ்சம் கண்டிச்சு வைங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை. டீ போட்டுக் கொடுத்தார். பையன் கட்டிலுக்கு அடியில் இரண்டு கையாலும் காதை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

காதுக்குள் என்ன நடக்கிறது?

அந்தப் "நடிப்பு" என்ற சொல்லை அப்புறம் பார்ப்போம். முதலில் நாம் எப்படிக் கேட்கிறோம் என்று பார்க்கலாம்.

சத்தம் என்பது காற்றில் வருகிற அதிர்வு. அது காதுத் துளை வழியாகப் போய் செவிப்பறையில் மோதும். செவிப்பறைக்குப் பின்னால் மூன்று குட்டி எலும்புகள் ஒன்றோடு ஒன்று கோத்த மாதிரி இருக்கின்றன. அதில் கடைசி எலும்பு நம் உடம்பிலேயே சின்ன எலும்பு, ஒரு அரிசியை விடச் சிறியது. அந்த எலும்புகள் அதிர்வை உள்காதுக்குத் தள்ளும். உள்காது நத்தை ஓடு மாதிரி சுருண்டு, உள்ளே தண்ணீரும் நுண்ணிய மயிர் போன்ற செல்களும் இருக்கும். அந்தச் செல்கள் அசையும்போதுதான் நரம்பு வழியாக மூளைக்குச் சேதி போகிறது.

அந்தக் கடைசி எலும்பைப் பிடித்துக்கொண்டு ஒரு தசையும் இருக்கிறது. உடம்பிலேயே சின்னத் தசை அதுதான். பெரிய சத்தம் வந்தால் அந்தத் தசை எலும்பை இழுத்துப் பிடித்து, உள்ளே போகிற அதிர்வைக் குறைக்கும். முகவாதம் வந்து ஒரு பக்கம் வாய் கோணியவர்கள் சிலர், "அந்தப் பக்கக் காதுல எல்லாச் சத்தமும் பெருசாக் கேக்குது" என்று சொல்வார்கள். அந்தத் தசைக்குப் போகிற நரம்பும் முக நரம்பின் கிளைதான், அதனால்தான் அப்படி. முகவாதம் குறையும்போது பெரும்பாலும் அதுவும் குறையும்.

இனி மூளையின் வேலை. சந்தையில் நின்று பக்கத்தில் இருக்கிறவரிடம் பேசுகிறீர்கள். தக்காளிக்காரர் கூவுகிறார், மினி பஸ் ஹாரன் அடிக்கிறது, எங்கேயோ பாட்டு ஓடுகிறது. எல்லாச் சத்தமும் உங்கள் காதுக்குள் போகத்தான் செய்கிறது. ஆனால் மூளை ஒரு வாசல்காரன் மாதிரி நின்று, "இது வேண்டாம், இது வேண்டாம், இவர் பேசுவது மட்டும் உள்ளே வரட்டும்" என்று பிரித்துவிடுகிறது. சிலருக்கு இந்தப் பிரிக்கிற வேலை சரியாக நடப்பதில்லை. எல்லாச் சத்தமும் ஒரே அளவில், ஒரே நேரத்தில் உள்ளே வந்து விழும். அவர்களுக்கு அது வெறும் தொந்தரவு இல்லை, வலி.

இப்போது தறிச் சத்தத்துக்கு வருவோம். தறிச் சத்தம் பெரியதுதான், ஆனால் ஒரே தாளத்தில் ஓடுகிறது. அடுத்த அடி எப்போது விழும் என்று மூளைக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து கேட்டது வேறு. குக்கர் விசில் அப்படி இல்லை. எப்போது வரும் என்று தெரியாது, திடீரென்று வரும், கீச்சென்று மேல் ஸ்தாயியில் வரும், எப்போது நிற்கும் என்பதும் தெரியாது. சத்தம் தாங்காத பிள்ளைகள் பல பேருக்குப் பெரிய எதிரி இந்த மூன்றுதான்: திடீர், கீச்சு, எப்போது என்று தெரியாமை. விசில், மிக்ஸி, நாய் குரைப்பது, கைக்குழந்தை அழுவது, பலூன் வெடிப்பது, பள்ளிக்கூட மணி. ஆகவே தறிச் சத்தத்தில் தூங்கிய பிள்ளை விசிலுக்கு ஓடியதில் நடிப்பு எதுவும் இல்லை. இது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

(ஒரு விஷயம்: பிள்ளை தூங்குகிறது என்பதால் தறிச் சத்தம் காதைக் கெடுக்காது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு நாளைக்கு 8 மணி நேரம் கேட்க 85 டெசிபல்தான் பாதுகாப்பான எல்லை என்று வேலையிட நலம் பார்க்கிற நிபுணர்கள் வைத்திருக்கிறார்கள். 88 டெசிபல் ஆனால் 4 மணி நேரம்தான். தறிக் கூடத்துக்குள் 90-க்கு மேல் போகும். தறி ஓட்டுகிற நம் உறுப்பினர்களின் காதைப் பற்றித் தனியாக ஒரு பாடம் எழுத வேண்டும்.)

எல்லோருக்கும் ஒரே கோளாறு இல்லை

சத்தம் தாங்காமை என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் வகை உண்டு. சாதாரணச் சத்தமே மிகப் பெரிதாகவோ வலியாகவோ கேட்டால் அதை மருத்துவர்கள் ஹைப்பர்அக்யூசிஸ் என்கிறார்கள். இது பெரியவர்களுக்கும் வரும். பல வருடம் பெரிய சத்தத்தில் வேலை செய்தவர்கள், தலையில் அடிபட்டவர்கள், முகவாதம் வந்தவர்கள். காதில் "ங்ஙீ" என்று இரைச்சல் கேட்கிறவர்கள் பலருக்கு இதுவும் சேர்ந்தே இருக்கும். ஒற்றைத் தலைவலி வந்தால் வெளிச்சமும் ஆகாது, சத்தமும் ஆகாது என்பது நம்மில் பாதிப் பேருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இன்னொரு வகை உண்டு. சத்தம் பெரியதாகவே இருக்காது. பக்கத்தில் ஒருவர் சப்புக்கொட்டிச் சாப்பிடுவது, மூக்கை உறிஞ்சுவது, பேனாவைத் தட்டுவது. அதைக் கேட்டதும் சிலருக்கு உடம்பெல்லாம் எரிச்சல் ஏறும், கோபம் பொங்கும், எழுந்து ஓடத் தோன்றும். இதற்கு 2001-ல் ஜாஸ்ட்ரெபாஃப் என்ற ஆராய்ச்சியாளர் தம்பதி மிஸோஃபோனியா என்று பெயர் வைத்தார்கள். ஒரு மருமகள் என்னிடம் ரகசியமாகச் சொன்னாள்: "மாமனார் காபி உறிஞ்சுற சத்தம் கேட்டா எனக்கு அழுகையே வருதுங்க. அவரு நல்ல மனுசன். நான்தான் கெட்டவளோன்னு இருக்கு." கெட்டவள் இல்லை. இப்படிப் பலர் இருக்கிறார்கள். அவள் காபி நேரத்தில் கறவை மாட்டுக்குத் தீவனம் வைக்கப் போய்விடுகிறாள், வீட்டில் சண்டை இல்லை.

மூன்றாவது ஒன்று நம் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. காது மந்தமான மாமியார். மெதுவாகப் பேசினால் "என்ன? என்ன?" என்பார். கொஞ்சம் சத்தமாகப் பேசினால் "ஏன்டி இப்படிக் கத்தறே, நான் என்ன செவிடா?" என்பார். வேண்டுமென்றே வம்புக்கு இழுக்கிறார் என்று நினைக்கிறோம். உள்காதுச் செல்கள் பழுதானவர்களுக்குச் சின்னச் சத்தம் கேட்கவே கேட்காது, ஆனால் கொஞ்சம் கூட்டினால் திடீரென்று தாங்க முடியாத அளவுக்குப் பெரிதாகிவிடும். நடுவில் இருக்கும் இடைவெளி அவர்களுக்கு மிகக் குறுகல். முகத்துக்கு நேராக நின்று, வாயசைவு தெரிய, நிறுத்தி நிறுத்திப் பேசினால் போதும், கத்த வேண்டாம்.

இதிலிருந்து பிள்ளைகளுக்கும் ஒரு பாடம் இருக்கிறது. காதைப் பொத்துகிற பிள்ளையைப் பார்த்து "இவனுக்குக் காது ரொம்ப நல்லாக் கேக்குது" என்று முடிவு கட்டி, காது பரிசோதனையே செய்யாமல் விட்டுவிடுவோம். தப்பு. காது கேட்காமையும் சத்தம் தாங்காமையும் ஒரே பிள்ளைக்கு இருக்கலாம். முதல் வேலை காதைச் சோதிப்பது.

மற்ற புலன்களும் சேர்ந்து வரும்

அந்தப் பையனுக்குச் சத்தம் மட்டும் இல்லை. சட்டையின் கழுத்தில் தைத்திருக்கிற துணித் துண்டு உறுத்துகிறது என்று கிழித்துவிடுவான். தலைக்கு எண்ணெய் வைத்தால் அலறுவான். குழைந்த சோறு வாயில் பட்டால் குமட்டும். ஆனால் தூளியில் போட்டு வேகமாக ஆட்டினால் மணிக்கணக்கில் சிரிப்பான். அவன் அம்மா இதையெல்லாம் தனித்தனிச் சேட்டையாகத்தான் நினைத்திருந்தார். நானும் அப்படித்தான்.

இவை எல்லாம் ஒரே இடத்திலிருந்து வரலாம் என்று முதலில் விளக்கியவர் ஜீன் அயர்ஸ் என்ற அமெரிக்கப் பெண். கலிபோர்னியாவில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஆக இருந்தவர். குளிப்பது, உடுத்துவது, எழுதுவது, விளையாடுவது போன்ற அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்குகிற சிகிச்சைதான் ஆக்குபேஷனல் தெரபி. 1972-ல் இது பற்றி ஒரு புத்தகம் எழுதினார். ஐம்புலன் என்று நாம் சொல்கிறோம். அவர் இன்னும் இரண்டைச் சேர்த்துப் பார்த்தார்: உடம்பு ஆடுகிறதா, சாய்கிறதா என்று உள்காது சொல்கிற சமநிலை உணர்வு ஒன்று, கை கால் எங்கே இருக்கிறது என்று தசையும் மூட்டும் சொல்கிற உணர்வு ஒன்று. இந்த எல்லாப் புலன்களிலிருந்தும் வருகிற சேதியை மூளை அடுக்கி வைப்பதில் சிக்கல் வந்தால், ஒரு பிள்ளை ஒரு புலனில் அதிகமாகத் துடிக்கும், இன்னொன்றில் போதாமல் தேடி அலையும் என்றார். சத்தத்துக்கு ஓடுகிற பிள்ளை ஊஞ்சலை விட்டு இறங்காததன் காரணம் அதுதான். இதைத்தான் புலன் உணர்வுச் செயலாக்கக் கோளாறு என்கிறார்கள்.

இதில் மருத்துவர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் வெளியிட்ட வரையறைப் புத்தகத்தில் இதைத் தனி நோயாகச் சேர்க்கவில்லை. ஆட்டிசம் எனப்படும் மதியிறுக்கத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்தார்கள். அதற்கு முந்தின வருடம், 2012-ல், அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் இதைத் தனிப் பெயராக ஒட்டிவிடாமல், பின்னால் ஆட்டிசமோ கவனக்குறைவோ பதற்றமோ இருக்கிறதா என்று பாருங்கள் என்று மருத்துவர்களுக்குச் சொன்னது. பெயரில்தான் சண்டை. பிள்ளை படுகிற பாடு உண்மை என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

காதைப் பொத்துகிற எல்லாப் பிள்ளைக்கும் ஆட்டிசம் என்று பயந்துவிடாதீர்கள். இரண்டு மூன்று வயதில் பல பிள்ளைகள் மிக்ஸிக்குப் பயப்படும், தானாகச் சரியாகும். ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டவில்லை, பேச்சு வரவில்லை அல்லது வந்த பேச்சு நின்றுவிட்டது, ஒரே விளையாட்டைத் திரும்பத் திரும்ப ஆடுகிறது என்பதும் சேர்ந்திருந்தால் தள்ளிப் போடாமல் காட்டுங்கள்.

மாடு வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த விஷயம்

பேச முடியாத பிள்ளை தன் வலியைச் சொல்லாது. பேசுகிற ஒருவர் சொல்லியிருக்கிறார். டெம்பிள் கிராண்டின் என்று பெயர், 1947-ல் அமெரிக்காவில் பிறந்தவர், ஆட்டிசம் உள்ளவர். பேச்சே தாமதமாகத்தான் வந்தது. பிறகு படித்து, கொலராடோ பல்கலைக்கழகம் ஒன்றில் கால்நடை அறிவியல் பேராசிரியர் ஆனார். சின்ன வயதில் பள்ளி மணி அடிக்கும்போது, பல் டாக்டரின் மெஷின் நரம்பில் பட்டால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது என்று எழுதியிருக்கிறார்.

அவர் பேர் வாங்கியது மாட்டுத் தொழுவம் அமைப்பதில். சங்கிலி கிலுங்கும் சத்தம், காற்றில் ஆடும் துணி, திடீர்க் கத்தல் இதற்கெல்லாம் மாடு மிரளும் என்பதைக் கவனித்து, மிரளாதபடி வழித்தடம் அமைத்துக் காட்டினார். நமக்கு இது புதிது இல்லை. தீபாவளிக்கு வெடி வெடித்தால் மாடு பாலை அடக்கிக்கொள்ளும். அப்போது மாட்டை யாராவது "நடிக்குது" என்று சொல்கிறோமா? கயிற்றைப் பிடித்துத் தட்டிக்கொடுத்து, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்கிறோம்.

அதே கிராண்டின் இன்னொன்றும் செய்தார். ஊசி போட மாட்டை இரண்டு பக்கமும் அணைத்துப் பிடிக்கிற கூண்டுக்குள் போனதும் சில மாடுகள் அமைதியாவதைப் பார்த்து, தன் உடம்பை அழுத்திப் பிடிக்கிற மாதிரி ஒரு பெட்டி செய்துகொண்டார். அதற்குள் இருந்தால் பதற்றம் குறைந்தது. சில பிள்ளைகளுக்கு இறுக்கமாகப் போர்த்திவிட்டால், கனமான தலையணையை மடியில் வைத்தால், தூளியில் சுருட்டிப் படுக்க வைத்தால் அடங்குவதற்குக் காரணம் இதுபோன்றதுதான். முகம் மூடக் கூடாது, பிள்ளை வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும்.

முப்பத்தைந்தாயிரம் ரூபாய்க் கடன் மனு

நான் டீ குடித்துவிட்டு வந்த நாலாவது மாதம் அந்த அக்கா கூட்டத்துக்கு வந்தார், பையனைத் தன் அம்மா வீட்டில் விட்டுவிட்டு. அபராதம் அறுபதைக் கட்டினார். பிறகு முப்பத்தைந்தாயிரம் உள்கடன் கேட்டார். டவுனில் ஒரு தனியார் மையத்தில், காதில் ஹெட்போன் மாட்டிப் பாட்டுக் கேட்க வைத்தால் இரண்டு வாரத்தில் சத்தப் பயம் போய்விடும், பேச்சும் வந்துவிடும் என்று சொன்னார்களாம். அதற்கு முன்பே தாயத்து, மந்திரிப்பு என்று கழுத்துச் சங்கிலி அடகுக்குப் போயிருந்தது.

குழுவில் இரண்டு கட்சி. "பிள்ளைக்குன்னு கேக்குறா, எப்படி இல்லைங்கறது?" "திருப்பிக் கட்ட எங்க போவா?" தீர்மானம் எழுதாமல் ஒரு வாரம் தள்ளிவைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள். எனக்கு அன்றுதான் உறைத்தது, கண்டிச்சு வைங்க என்று சொல்லிவிட்டு வந்தவள் நான். நான் முதலிலேயே சரியான இடத்துக்கு வழி சொல்லியிருந்தால் இந்த மனு வந்திருக்காது.

விசாரித்துப் பார்த்தேன். அந்த ஹெட்போன் முறை, பிரான்ஸ் நாட்டுக் காது மருத்துவர் ஒருவர் கொண்டுவந்த பழைய முறை. ஆட்டிசப் பிள்ளைகளிடம் பல ஆய்வுகள் செய்து பார்த்தும் அது பலன் தருகிறது என்று நம்பிச் சொல்லும்படி ஆதாரம் கிடைக்கவில்லை. இத்தனை நாளில் குணமாக்குகிறேன் என்று நாள் குறித்துப் பணம் கேட்கிற எவரிடமும் எச்சரிக்கையாக இருங்கள். மருத்துவச் செலவுக்குக் கடன் கொடுப்பது குழுவின் கடமைதான், ஆனால் எங்கே, எதற்கு, வேறு இடத்தில் இலவசமாகக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டுத் தீர்மானம் எழுதுங்கள். கேட்பது அவமானப்படுத்துவது ஆகாது.

எங்கே போவது?

2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் 18 வயது வரை எல்லாப் பிள்ளைகளையும் பரிசோதிக்க வேண்டும். அங்கன்வாடிக்கு வருடம் இருமுறை, அரசுப் பள்ளிக்கு ஒருமுறை மருத்துவக் குழு வண்டியில் வரும். வருகிற நாளை அங்கன்வாடிப் பணியாளரிடம் கேட்டு வையுங்கள். அவர்கள் எழுதிக் கொடுத்தால் மாவட்டத்தில் இருக்கிற ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்குப் போகலாம். டி.இ.ஐ.சி. என்று கேட்டால் பெரியாஸ்பத்திரியில் வழி காட்டுவார்கள். குழந்தை மருத்துவர், காது சோதிப்பவர், பேச்சுப் பயிற்சி என்று ஒரே இடத்தில் பார்க்கிற ஏற்பாடு, கட்டணம் இல்லை. சின்னப் பிள்ளை சொல்லத் தெரியாது என்று கவலை வேண்டாம். பெரா என்ற சோதனையில் பிள்ளையைத் தூங்க வைத்தே காது நரம்பைப் பார்த்துவிடலாம்.

பள்ளிப் பிள்ளை என்றால் வட்டார வள மையத்தில் சிறப்பு ஆசிரியர்கள் இருக்கிறார்கள், தலைமை ஆசிரியர் மூலமாகக் கேட்கலாம். செங்கல்பட்டு மாவட்டம் முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத் திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் 2005-லிருந்து இருக்கிறது, ஆனால் முதலில் மாவட்டத்தில் பாருங்கள், பஸ் செலவு மிச்சம்.

ஆட்டிசம் என்று உறுதியானால், 2016 மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகையில் அதுவும் ஒன்று. அடையாள அட்டை வாங்கலாம். அந்த அட்டை இருந்தால் நிராமயா என்ற காப்பீட்டில் ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்கு வழி உண்டு, தெரபிக்கும் சேர்த்து. வெறும் சத்தம் தாங்காமைக்கு மட்டும் அட்டை கிடைக்காது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

வீட்டில் என்ன செய்யலாம்?

அந்தப் பையனுக்குக் காது நன்றாகக் கேட்கிறது, லேசான ஆட்டிசம் இருக்கிறது என்று சொன்னார்கள். அம்மாவுக்கு வீட்டில் செய்ய வேண்டியதைச் சொல்லிக் கொடுத்தார்கள். அதில் அவர் எனக்குச் சொன்னதை எழுதுகிறேன்.

பெரிய மருந்து முன்கூட்டிச் சொல்வதுதான். "கண்ணு, இப்ப விசில் வரும், மூணு அடிக்கும்" என்று விரல் மடக்கிக் காட்டுவார். பையன் விரும்பினால் மாட்டுக் கொட்டகைக்குப் போய்விடுவான். மிக்ஸி சுவிட்சை அவன் கையாலேயே போட வைத்தார், ஜார் காலியாக, ஒரு நொடி. அணைப்பதும் அவன்தான். முதல் வாரம் போட்டுவிட்டு ஓடினான். ஒரு மாதம் கழித்துச் சட்னி அரைக்க அவன்தான் ஆள். தன் கையில் இருக்கிற சத்தம் அவ்வளவு பயம் தராது. பிடிக்காத சத்தத்தைச் செல்போனில் பதிந்து, மிகக் குறைவாக வைத்து, அவனே கூட்டிக் குறைக்கும்படி கொடுக்கவும் சொன்னார்கள். பழகட்டும் என்று இழுத்துக்கொண்டு போய் வேட்டுக்குப் பக்கத்தில் நிறுத்துவது மட்டும் கூடவே கூடாது. அதனால் பயம் இரண்டு மடங்கு ஆகும்.

காதில் பஞ்சு வைப்பதால் பெரிய பலன் இல்லை. பட்டறைத் தொழிலாளர்கள் மாட்டுகிற இயர் மஃப் என்ற காது மூடி இருக்கிறது, பாதுகாப்புச் சாமான் கடையில் கிடைக்கும். திருவிழா, கல்யாண மண்டபம், பஸ் பயணத்துக்கு நல்லது. ஆனால் நாள் முழுக்க மாட்டி வைக்காதீர்கள். எந்தச் சத்தமும் இல்லாமல் பொத்தியே வைத்தால் மூளை இன்னும் உஷாராகி, சின்னச் சத்தமும் பெரிதாகிவிடும். பெரியவர்களுக்கும் இதே விதிதான், காதில் அடைப்பு வைத்தே பழகிவிடாதீர்கள். ராத்திரி மின்விசிறி மாதிரி மெல்லிய சத்தம் ஓடுவது நல்லது. காதில் எண்ணெய் காய்ச்சி விடுவது வேண்டவே வேண்டாம். வலி, சீழ், திடீரென்று கேட்காமல் போவது, தலை சுற்றல் இருந்தால் உடனே காது மருத்துவரிடம் போக வேண்டும்.

நோம்பியும் வெடியும்

மாரியம்மன் நோம்பி வந்தால் கம்பம் நட்டதிலிருந்து அந்த அக்காவுக்குத் தூக்கம் கிடையாது. குழாய் அவர்கள் வீட்டுப் பக்கம் பார்த்துக் கட்டியிருக்கும். குழுவிலிருந்து நாலு பேர் போய் விழாக் கமிட்டியிடம் பேசினோம். சட்டம் நமக்குத் துணை: 2000-ம் வருட ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்டிகைக்காக அரசு சலுகை கொடுத்தாலும் நடு இரவு 12 வரைதான், அதுவும் வருடத்தில் 15 நாளுக்கு மேல் இல்லை. ஆஸ்பத்திரி, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி. சட்டத்தை முதலில் எடுக்கவில்லை, பையனைப் பற்றித்தான் பேசினோம். ஒரு குழாயைத் திருப்பிக் கட்டினார்கள், பத்தரைக்கு நிறுத்தினார்கள். பத்துக்கே நிறுத்தியிருக்க வேண்டும். கொட்டும் வேட்டும் குறையவில்லை. அந்த ஒரு ராத்திரிக்கு அக்கா பையனைக் கூட்டிக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குப் போனார்.

தீபாவளிக்கு 2018-லிருந்து காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று தமிழ்நாட்டில் வெடிக்க நேரம் குறிக்கிறார்கள். எல்லோரும் கேட்பதில்லை என்பது நமக்குத் தெரியும். ஆனாலும் நம் வீட்டுப் பிள்ளைகளாவது அந்த நேரத்தில் வெடித்தால், இப்படி ஒரு பிள்ளை இருக்கிற வீடு அதற்குத் தகுந்த மாதிரி தயாராகிக்கொள்ளும்.

குழு செய்தது

கடன் மனுவை அக்காவே திரும்ப வாங்கிக்கொண்டார். பதிலாக அடகுச் சங்கிலியை மீட்க எட்டாயிரம் கொடுத்தார்கள், ஒழுங்காகக் கட்டிவருகிறார். அறுபது ரூபாய் அபராதத்தைத் தீர்மானம் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்தத் தீர்மான நோட்டில் "பிள்ளையைப் புரிந்துகொள்ளாமல் வசூலித்தது" என்று எழுதச் சொன்னவர், முதலில் நடிப்பு என்று சொன்ன அதே அம்மாதான்.

கூட்டத்தைத் தகரக் கூரை போட்ட கூடத்திலிருந்து வேப்பமரத்தடிக்கு மாற்றினார்கள். தகரத்தின் கீழ் இருபது பேர் பேசினால் சத்தம் எதிரொலித்து நமக்கே தலை வலிக்கும். செல்போனைச் சத்தம் இல்லாமல் வைக்கிறார்கள். கைதட்டுவதற்குப் பதில் இரண்டு கையையும் தூக்கி விரலை ஆட்டுகிறார்கள், காது கேளாதவர்கள் கைதட்டுகிற முறை அது. பையன் இப்போது இரண்டாம் வகுப்பு. மணி அடிப்பதற்கு முன் டீச்சர் கண் காட்டுவார், அவன் காதை மூடிக்கொள்வான், அடித்து முடிந்ததும் எடுத்துவிடுவான். இன்னமும் கைக்குழந்தை அழுதால் ஓடுகிறான். போன கூட்டத்தில் அரை மணி நேரம் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சேமிப்புப் பணத்தை ரூபாய் வாரியாக அடுக்கிக் கொடுத்தான். ஒரு ரூபாய் குறைகிறது என்று கண்டுபிடித்ததும் அவன்தான்.

கூட்டத்தில் பேச:

நம் குழுவில் அடிக்கடி வராத உறுப்பினர் யார்? வீட்டுக்குப் போய்க் கேட்டோமா, அபராதம் மட்டும் எழுதினோமா?

நம் தெருவில் காதைப் பொத்துகிற பிள்ளை, சத்தத்துக்கு எரிந்துவிழுகிற பெரியவர் உண்டா? அவரைப் பற்றி இதுவரை என்ன சொல்லி வந்தோம்?

அங்கன்வாடிக்கு மருத்துவக் குழு அடுத்து வருவது எந்தத் தேதி? கேட்டு வர ஒருவரைத் தீர்மானித்து, அவர் பெயரைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள்.

நம் ஊர் நோம்பிக்குக் குழாய் எந்தப் பக்கம் பார்த்துக் கட்டுகிறார்கள்?